இருநூற்றெழுபதாம் நாள்

காலையில் கணினியைத் திறந்ததும் நான் முதலில் பார்ப்பது, இன்றைக்கு யார் சிவந்திருக்கிறார்கள் என்பதைத்தான்.

எங்கள் அலுவலகம் பழைய துறைமுகத்துக்குப் போகும் சாலையில், ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருக்கிறது. கப்பல்களுக்கு ஆள் அனுப்புகிற வேலை. எங்கள் மூலமாக ஏறிய அறுபத்து நான்கு பேர் இப்போது ஏதேதோ கடல்களில் இருக்கிறார்கள். எல்லோருக்கும் ஒன்பது மாத ஒப்பந்தம். ஒன்பது மாதம் முடிந்தால் மாற்று ஆளை ஏற்றி இவரை இறக்க வேண்டும். ஏறிய தேதியைப் போட்டுவிட்டால், எத்தனை நாள் ஆயிற்று என்பதை எக்ஸல் தாள் தானாகவே எண்ணிக்கொள்ளும்.

நான்கு வருடங்களுக்கு முன் ஒரு வீடியோவைப் பார்த்து, கண்டிஷனல் ஃபார்மேட்டிங் என்பதைக் கற்றுக்கொண்டு அந்தத் தாளில் ஒரு விதியைப் போட்டேன். நாள் இருநூற்றெழுபதைத் தொட்டால் அந்த வரிசை சிவக்க வேண்டும். இறங்கிய தேதியைப் பதிந்தால் திரும்ப வெள்ளையாக வேண்டும். அவ்வளவுதான். எனக்கு நானே வைத்துக்கொண்ட எச்சரிக்கை அது.

அதைக் கப்பலில் இருப்பவர்களின் வீட்டுப் பெண்கள் வேறு விதமாக எடுத்துக்கொண்டார்கள். அதில் என் பங்கும் உண்டு. அந்த வருடம் முத்துக்கனி என்ற பெண் கணவனைப் பற்றி விசாரிக்க வந்து, என் திரையைப் பார்த்து, "இதென்ன டீச்சர், எங்க வீட்டு ஆளு மட்டும் செவப்பா இருக்காவ?" என்றாள். நான் டீச்சர் இல்லை. டீச்சர்களுக்குப் பேர்போன நாசரேத் ஊரில் பிறந்து கண்ணாடி போட்டவளைக் கடற்கரைப் பெண்கள் வேறு எப்படியும் கூப்பிட மாட்டார்கள். "இறக்குற நாள் வந்தாச்சுன்னு அர்த்தம்" என்றேன். அந்த மனிதர் பன்னிரண்டாம் நாளே வீட்டுக்கு வந்துவிட்டார். அடுத்துச் சிவந்தவரும் அப்படியே வந்தார். அதற்கடுத்தவரும்.

பிறகு அது வழக்கமாகிவிட்டது. திங்கட்கிழமைகளில் இரண்டு மூன்று பெண்களாவது மாடிப்படி ஏறி வருவார்கள். வரிசை சிவந்திருந்தால் அன்றைக்கே கோயிலில் நன்றிப் பூசைக்குச் சொல்லி வைப்பார்கள். எங்கள் அலுவலகத்துக்கு மக்ரூன் இனிப்பு டப்பா வரும். தபால், வங்கி என்று வெளிவேலை பார்க்கும் மாசானம், "டீச்சரம்மா, இன்னைக்கு யாரு வீட்டு மக்ரூன்?" என்று கேட்டபடிதான் உள்ளே வருவார். நானும் தின்றேன். பயப்பட வேண்டிய நிறத்தைப் பார்த்துச் சிரித்த பெண்களிடம், இது அப்படியில்லை என்று நான் ஒருநாளும் சொல்லவில்லை. சொல்வதற்கு ஒரு நீளமான பேச்சு வேண்டியிருந்தது. எனக்கு நீளமான பேச்சு வராது.

போன வருடத்திலிருந்து கப்பல்கள் எங்கெங்கோ சுற்றிப் போகின்றன. மாற்று ஆளை எந்தத் துறைமுகத்தில் ஏற்றுவது என்பது தெரியாமலே மாதங்கள் போகின்றன. சிவந்தவர்கள் சிவந்தபடியே நின்றார்கள். ஒரு திங்கட்கிழமை காலை தாளில் இருபத்து மூன்று சிவப்பு வரிசைகள் இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலே, முதல் வரிசையில், ஆலந்தலை ஹென்றி. முந்நூற்று ஒன்று.

காலை பத்து மணிக்கு ஜெபசிங் சார் தன் அறையிலிருந்து கூப்பிட்டார். அலுவலகம் அவருடையது. சாத்தான்குளத்துக்காரர், இருபது வருடம் கப்பலில் இருந்தவர்.

"ஈவா, இந்தச் செவப்ப எடு."

"எதுக்கு சார்?"

"பதினோரு மணிக்கு கப்பல் கம்பெனி சிங்கப்பூர் அம்மா திங்கக்கெழமை வீடியோ மீட்டிங்ல இந்த ஷீட்டத்தான பாக்கும். பாத்தா அம்மை போட்ட முதுகு மாதிரி இருக்கு. நானே எடுத்துரலாம்னு பாத்தேன். வெள்ளைய அடிக்கேன், அடிக்கேன், ஒட்டவே மாட்டேங்கு."

"அது அப்படிப் போகாது சார். அது அடிச்ச கலர் இல்ல. அடியில விதி இருக்கு. அது இருக்கிற வரைக்கும் மேல என்ன அடிச்சாலும் செவப்புதான் தெரியும்."

"அப்போ விதிய மாத்து. எரநூத்தெழுபத எடுத்துட்டு முந்நூத்தி முப்பதுன்னு போடு."

"ஒப்பந்தம் ஒம்பது மாசம்லா சார்?"

"முன்னபின்ன ஆகும்னு அதே ஒப்பந்தத்துல இருக்கு. நான் ஒருதடவ பதினாலு மாசம் இருந்தேன். எனக்கு எவன் செவப்பு அடிச்சான்?" அவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்களைத் தேய்த்தார். கோபமாக இருப்பதுபோலத் தெரியவில்லை. தூங்காதவர் போலிருந்தார். "ஒரு நம்பர்தான. மாத்திட்டுச் சொல்லு."

என் இடத்துக்குத் திரும்பினேன். மாற்றவில்லை. வேறு ஏதோ கடிதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்தரை மணிக்கு அல்போன்சா வந்தாள். ஹென்றியின் மனைவி. ஆலந்தலையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். அவளை எப்போதும் என் மேசைக்குப் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார வைப்பேன். அங்கிருந்து திரை தெரியும். உட்கார்ந்ததும் ஒரு தடவை முதல் வரிசையைப் பார்த்தாள். சிவப்பாக இருந்தது. பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"நேத்து பேசினாவளா?" என்று கேட்டேன்.

"போன் வந்துச்சு. பேசினாவன்னு சொல்ல முடியாது."

மாசானம் கீழே போய்விட்டிருந்தார். விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தரம் முனகியது.

"பதினோரு நிமிசம்னு போன்ல காட்டுச்சு, டீச்சர். அதுல அவிய பேசினது, 'இன்னைக்கு என்ன கெழமை'ன்னு. ஞாயித்துக்கெழமைன்னேன். கொஞ்ச நேரம் இஞ்சின் சத்தந்தான் கேட்டுச்சு. பெறவு திரும்பவும், 'இன்னைக்கு என்ன கெழமை'ன்னாவ."

"தூக்கம் இல்லையா இருக்கும்."

"தூக்கம் இல்ல. அது தெரியும். ஆனா இது வேற." அவள் பையின் வாரை விரலில் சுற்றினாள். "போன வாரம் சரக்கு ஏத்துத ஹோல்டுக்குள்ள ஏணியில எறங்கியிருக்காவ. பாதியில, எந்தக் கைய மொத எடுக்கணும்னு மறந்துட்டாம். அப்படியே நின்னுட்டாவ. கீழ எம்பது அடிங்காவ. பத்து வருசமா ஏறி எறங்குத ஏணி. ஜாக்சன்னு நம்ம பையன் ஒருத்தன் கூட இருக்காம்லா, அவன் கீழயிருந்து ஏறி வந்து, ஒவ்வொரு கையா பிடிச்சு வச்சு எறக்கினானாம். இத அவிய சொல்லல. அவந்தான் சொன்னான்."

நான் திரையைப் பார்த்தேன். ஜாக்சனின் வரிசை கண்ணில் பட்டது. இருநூற்று எண்பத்தொன்று.

"பூசைய ரெண்டு வாட்டி தள்ளி வச்சாச்சு" என்றாள். "கோயில் உபதேசியாரு என்னப் பாத்தாலே, இந்த வாரமும் இல்லையாங்காரு. கிண்டலு. நானும் சிரிச்சுக்கிட்டு வந்துருதேன். செவந்தாச்சு, எப்படியும் வருவாவன்னு இருக்கேன்."

"ஈவா, பத்தே முக்காலாச்சு!" உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

எதற்காகச் செய்தேன் என்று பிறகு பல தடவை யோசித்திருக்கிறேன். பயம் என்று சொன்னால் அது பெரிய வார்த்தை. இருபத்தாறு வருடங்களாகப் பக்கத்திலிருக்கும் புதுக்கோட்டையில் பஸ் ஏறி, இந்த மாடிக்கு வந்து, சொன்னதைச் செய்து, திரும்பிப் போகிறேன். கை அதற்குப் பழகியிருந்தது. விதிகளின் பட்டியலைத் திறந்தேன். இருநூற்றெழுபதை அழித்தேன். முந்நூற்று முப்பது. ஓகே.

இருபத்து மூன்று வரிசைகளும் ஒரு கண்சிமிட்டலில் வெள்ளையாயின.

பக்கத்தில் நாற்காலி கிறீச்சிட்டது. அல்போன்சா எழுந்து நின்றாள்.

"டீச்சர்!" என்றாள். "வெள்ளையாயிட்டு!"

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் அறிந்த வரையில் ஒரு சிவப்பு வரிசை வெள்ளையாவதற்கு ஒரே ஒரு காரணம்தான் உண்டு.

"எறங்கிட்டாவளா? இப்பமேவா? மாதாவே..." அவள் சிலுவை போட்டுக்கொண்டாள். பைக்குள் கைவிட்டுப் போனைத் தேடினாள். "எந்த ஊர்ல எறங்கியிருக்காவ? இல்ல, மொதல்ல உபதேசியாருக்குச் சொல்லிருதேன். வார ஞாயித்துக்கெழமையே பூசைய வச்சுருங்கன்னு சொல்லிருதேன். இனி எப்படிக் கிண்டல் பண்ணுதாருன்னு பாக்கேன்."

"அல்போன்சா" என்றேன்.

அவள் போனை எடுத்துவிட்டாள். எண்ணைத் தேடிக்கொண்டே திரையை மறுபடி பார்த்தாள். முதல் வரிசையைப் பார்த்தாள். அவள் கண் மெல்ல அடுத்த வரிசைக்கு இறங்கியது. அதற்கடுத்து. அங்கிருந்து கடைசி வரை.

"எல்லாருமா?" என்றாள். "எல்லாரும் ஒரே நேரத்துலயா எறங்குனாவ?"

விசிறி முனகிக்கொண்டிருந்தது. கீழே மருந்துக்கடையில் யாரோ சில்லறை கேட்டார்கள்.

"யாரும் இறங்கலை" என்றேன். "நான்தான் ஒரு நம்பரை மாத்தினேன். இனிமேல் பதினோரு மாசம் ஆனாத்தான் சிவக்கும். மாத்தச் சொன்னாங்க."

"நீங்களா?"

"நான்தான்."

அவள் உட்கார்ந்தாள். போனைத் திரும்பப் பைக்குள் வைத்து, ஜிப்பை இழுத்து மூடினாள். அதைச் செய்ய அவளுக்கு நெடுநேரம் ஆயிற்று.

"கலர எடுத்துட்டா நாளு போயிருமா டீச்சர்?"

"போகாது."

"முந்நூத்தி ஒண்ணு அங்கனயேதான கெடக்கு."

"ஆமா."

"அப்போ அந்தச் செவப்புக்கு என்னதான் அர்த்தம்?"

நான் சொன்னேன். நான்கு வருடங்களாகச் சொல்லாததைச் சொல்வதற்கு நான்கு வாக்கியங்கள் போதுமானதாக இருந்தன. சிவப்பு என்றால் வருகிறார் என்று அர்த்தமில்லை. நாள் கடந்துவிட்டது என்று அர்த்தம். கடந்தும் இறக்கவில்லை என்று அர்த்தம். எத்தனை நாள் கழித்து இறக்குவார்கள் என்று அதற்குத் தெரியாது.

"நான் மக்ரூன் வாங்கியாந்தேன்" என்றாள், சத்தமில்லாமல். "முப்பத்தோரு நாளைக்கு முன்ன. நீங்க ரெண்டு எடுத்துத் தின்னிய. ஒண்ணும் சொல்லலியே."

பீரோவின் மேல் அந்த டப்பா இன்னும் இருந்தது. காலியானதும் அதில் குண்டூசிகளைப் போட்டு வைத்திருந்தேன்.

விதிகளின் பட்டியலை மறுபடி திறந்தேன். முந்நூற்று முப்பதை அழித்தேன். இருநூற்றெழுபது என்று அடித்தேன். இதையும் அதே பழகிய கைதான் செய்தது. தாள் சிவந்தது. அல்போன்சா அதைப் பார்த்தாள். இப்போது அவள் அந்த நிறத்தை வேறு மாதிரிப் பார்த்தாள். இருபத்து மூன்று பேரையும் பார்த்தாள்.

"அம்புட்டு பேரா" என்றாள்.

பதினோரு மணிக்கு ஜெபசிங் சார் கதவைச் சாத்திக்கொண்டார். மரத்தடுப்பு மெல்லியது. அந்த அம்மாவின் குரல் எங்களுக்குக் கேட்டது. சார் தாளைத் திறந்து காட்டினார் போலும். பிறகு அந்த அம்மா ஆங்கிலத்தில், முதல் வரிசையில் இருப்பவர் முந்நூற்று ஒரு நாளாக ஏன் கப்பலில் இருக்கிறார் என்று கேட்டது. மாற்று ஆள் தயார், விசாவுக்குக் காத்திருக்கிறோம் என்றார் சார். அது பொய்யில்லை. உண்மைக்குப் பக்கத்தில் இருந்தது. மூன்று வாரத்தில் வரும் அடுத்த துறைமுகத்தில் மாற்றிவிடுங்கள், டிக்கெட்டுக்கு நான் சொல்கிறேன் என்றது அந்த அம்மா. இரண்டாவது வரிசையைப் பற்றிக் கேட்கவில்லை. பேச்சு வேறு எதற்கோ போய்விட்டது.

"என்ன சொல்லுதாவ?" என்றாள் அல்போன்சா.

"மூணு வாரத்துல மாத்திடலாம்னு சொல்றாங்க. ஆனா டிக்கெட் நம்பர் வந்து, அதை நான் உங்களுக்கு அனுப்பினாத்தான் நம்பணும். அதுவரைக்கும் யாருக்கும் சொல்ல வேண்டாம்."

அவள் தலையாட்டினாள். நன்றி சொல்லவில்லை. சொல்லாதது எனக்கு ஆறுதலாக இருந்தது.

அவள் போன பிறகு சார் வெளியே வந்து, அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"உன் செவப்பு ஒருத்தன எறக்கிட்டு" என்றார். "சந்தோசம். மிச்சம் இருபத்திரெண்டு பேருக்கு என்ன செய்வ? அந்தம்மா நாளைக்கே, இவன்கிட்ட ஆள் மாத்தத் துப்பில்லன்னு கப்பல வேற ஏஜென்டுக்குக் குடுத்துட்டா? அப்போ இந்த அறுபத்தி நாலு பேர்ல எத்தன பேருக்கு அடுத்த வாட்டி கப்பல் கெடைக்கும்? அதுக்கு ஒரு விதி போடேன், பாப்போம்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் களைப்பாக இருந்தது. அவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். பிறகு எழுந்து போனார்.

அன்று மாலையிலிருந்து எங்களிடம் இரண்டு தாள்கள். கப்பல் நிறுவனத்துக்குக் காட்டுவதில் முந்நூற்று முப்பது. என்னுடையதில் இருநூற்றெழுபது. யாரும் அதை முடிவு செய்ததாக நினைவில்லை. நான் ஒரு நகல் எடுத்தேன், அவர் ஒன்றும் சொல்லவில்லை. திங்கட்கிழமை வரும் பெண்களிடம் சிவப்பு என்றால் என்ன என்று ஒவ்வொருவருக்கும் சொன்னேன். சிலர் நம்பவில்லை. ஒருத்தி, "நீங்க கண்ணு வைக்காதிய டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனாள். மக்ரூன் நின்றுபோயிற்று. மாசானத்துக்கு என்மேல் வருத்தம்.

ஹென்றி முந்நூற்று இருபத்திரண்டாம் நாள் இறங்கினார். தேதியைப் பதிந்தேன். என் தாளில் அவர் வரிசை வெள்ளையானது. டிக்கெட் நம்பரை அல்போன்சாவுக்கு அனுப்பினேன். அவள் பதிலுக்கு எதுவும் அனுப்பவில்லை.

அடுத்த திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு இருவருமாக வந்தார்கள். அவர் படியேறும்போது கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார். கப்பலில் ஏறும்போது அனுப்பிய போட்டோவில் இருந்த ஆள் இல்லை. சட்டை தோளில் தொங்கியது. நாற்காலியில் உட்கார்ந்து, நான் கொடுத்த தண்ணீரைக் குடித்து முடித்தார்.

"நான் எங்கன இருந்தேன், இதுல?" என்று கடைசியில் கேட்டார்.

முதல் வரிசை இருந்த இடத்தைக் காட்டினேன். அங்கே இப்போது வேறொருவர் பெயர் இருந்தது. அவர் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே வந்தார். உதடு மட்டும் அசைந்தது. ஏழாவது பெயரில் நின்றார். ஜாக்சன். முந்நூற்று ஒன்பது.

"நான் எறங்கும்போது தூங்கிட்டு இருந்தான்" என்றார். "எழுப்பல. ரெண்டு நாளைக்குப் பெறவு அன்னைக்குத்தான் தூங்குனான். சொல்லிக்காம வந்துட்டேன்."

அல்போன்சா அவர் தோளைத் தொட்டாள். அவர் திரும்பவில்லை.

"இந்தச் செவப்ப கப்பல்காரங்க பாப்பாங்களா?"

"இல்ல. அவங்களுக்குக் காட்டுற ஷீட் வேற. அதுல இவர் வெள்ளை. இன்னும் மூணு வாரத்துக்கு வெள்ளைதான்."

அவர் ஜாக்சனின் பெயர்மேல் விரலை வைத்தார். பிறகு என்னைப் பார்க்காமல், திரையைப் பார்த்தே கேட்டார்.

"ஏணியில அவன் நின்னுட்டான்னா, கையப் பிடிச்சு வைக்க அங்கன யாரு இருக்கா?"

மணி பத்து ஐம்பது. உள்ளே ஜெபசிங் சார் கணினிக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

மற்றத் தாளைத் திறந்தேன். முழுக்க வெள்ளையாக இருந்தது. விதி போட்ட நிறத்தைக் கையால் அழிக்க முடியாது என்று அன்றைக்கு சாருக்குச் சொன்னேன். ஆனால் விதி சும்மா இருக்கும் கட்டத்தில் கையால் அடித்த நிறம் அப்படியே நிற்கும். மேலே இருந்த ஆறு பேரின் பெயர்களை வாசிக்காமல் இருக்க முயன்றேன். எல்லோருக்கும் அடித்தால் தாளை என்னிடமிருந்து வாங்கிவிடுவார்கள். ஒன்று என்றால் கை தவறிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். ஜாக்சனின் எண் இருந்த கட்டத்தின் மேல் வைத்து, சிவப்பை எடுத்து அடித்தேன். சேமித்தேன்.

பதினோரு மணிக்குக் கதவு சாத்தப்பட்டது. ஹென்றி எழுந்து போகவில்லை. அல்போன்சாவும் போகவில்லை. தடுப்புக்கு அந்தப் பக்கம் அந்த அம்மாவின் குரல் வணக்கம் சொல்லிற்று, வானிலையைப் பற்றி ஏதோ சொல்லிற்று, சற்று நின்றது. பிறகு, ஏழாவது ஆள் மட்டும் ஏன் சிவப்பாக இருக்கிறார் என்று கேட்டது.

சார் உடனே பதில் சொல்லவில்லை. நாங்கள் மூன்று பேரும் அசையாமல் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.